பில் கையில் இருக்கிறது, டேட்டாபேஸில் இல்லை: கிராஷுக்குப் பின் தரவு பிழைக்கும் வழி, படிப்படியாக

சில ஆண்டுகளுக்கு முன், தெரிந்தவர் ஒருவரின் கடையில் பில்லிங் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு நாள் மாலை கரண்ட் போனது. சர்வரின் யூபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கவுன்டரும் பிரின்டரும் வேறு இன்வெர்ட்டர் லைனில் இருந்ததால் அவை நிற்கவில்லை. கரண்ட் வந்ததும் சர்வர் எழுந்தது, அதிலிருந்த மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் எழுந்தது, கடை ஓடியது. மாதக் கடைசியில் கணக்குப் பார்ப்பவர் இரண்டு பில் தாள்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இரண்டிலும் ஒரே எண். ஒன்று கரண்ட் போன அதே நிமிடத்தில் அச்சானது, மற்றது கரண்ட் வந்த பிறகு. டேட்டாபேஸில் இரண்டாவது மட்டுமே இருந்தது. முதல் பில்லைத் தான் பார்த்ததே இல்லை என்று அது சாதித்தது.

கமிட் ஆகாமல், அதாவது டேட்டாபேஸ் பதிவை நிரந்தரமாக ஏற்காமல், பில் அச்சாகாது. கமிட் ஆனதாக டேட்டாபேஸ் சொன்ன பிறகுதான் பிரின்டருக்கே போகும். அப்படியானால் அந்தப் பதிவு எங்கே போனது? இதற்கு விடை தெரிய வேண்டுமென்றால், கமிட் என்று நாம் சொன்னதும் உள்ளே என்னென்ன நடக்கிறது என்பதை ஒரு முறையாவது கீழே இறங்கிப் பார்த்தாக வேண்டும். எஸ்கியூஎல் எழுதத் தெரியும், ஆனால் அதற்குக் கீழே இருப்பதைப் பார்த்ததில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாமே ஒரு சின்ன ஸ்டோரேஜ் எஞ்சினை, அதாவது தரவை டிஸ்க்கில் வைத்து எடுக்கும் பகுதியை, கட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியிலும் பிளக்கைப் பிடுங்கிப் பார்ப்போம். எது உடைகிறதோ அதைச் சரிசெய்ய அடுத்த படி.

அதற்கு முன் ஒரு விஷயம். கிராஷ் என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு விபத்துகள் ஒளிந்திருக்கின்றன. டேட்டாபேஸ் புரோகிராம் மட்டும் சாவது ஒன்று. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னல் உயிரோடு இருப்பதால் அதனிடம் ஒப்படைத்தவை பத்திரமாக இருக்கும். கெர்னலே விழுவதோ கரண்ட் போவதோ இரண்டாவது. மெமரியில் இருந்த அத்தனையும் காலி. டிஸ்க்கே செத்துப்போவது மூன்றாவது. அதற்கு இங்கே சொல்லப்போகும் எதுவும் உதவாது, பேக்கப்பும் இன்னொரு இயந்திரத்தில் நகலும்தான் வழி. நாம் பேசப்போவது இரண்டாவதைப் பற்றி. அதைத் தாங்கும் எஞ்சின் முதலாவதைத் தானாகவே தாங்கும்.

படி 1: ‘எழுதியாயிற்று’ என்று சொல்வது யார்?

புரோகிராம் ஒன்று ஃபைலில் எழுதச் சொன்னால், லினக்ஸ் அந்த பைட்டுகளைத் தன் மெமரியில் உள்ள பேஜ் கேஷில் நகலெடுத்துக்கொண்டு உடனே ‘ஆயிற்று’ என்று திரும்பிவிடும். டிஸ்க் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்காது. வழக்கமான அமைப்பில், மாற்றம் ஏறத்தாழ 30 நொடி பழையதான பிறகுதான் கெர்னல் தானாக அதை டிஸ்க்குக்கு அனுப்பக் கிளம்பும். இடையில் கரண்ட் போனால் அந்த 30 நொடியும் கனவு.

காத்திருக்க முடியாது, இப்போதே டிஸ்க்குக்குப் போகட்டும் என்று சொல்வதற்கு இருக்கும் கட்டளைதான் எஃப்சிங்க். அது வெற்றி என்று திரும்பினால், அந்த ஃபைலுக்கு இதுவரை எழுதியவை நிலையான இடத்தில் இருப்பதாக அர்த்தம். அதாவது, இருக்க வேண்டும். ஏனென்றால் டிஸ்க்குக்குள்ளும் ஒரு சின்ன மெமரி இருக்கிறது. அது பைட்டுகளை அங்கே வாங்கி வைத்துக்கொண்டு ‘ஆயிற்று’ என்று சொல்லிவிடக்கூடும். ஒழுங்கான கெர்னல், எஃப்சிங்க் வரும்போது உள் மெமரியையும் காலி செய் என்ற கட்டளையை டிஸ்க்குக்கு அனுப்பும். மேக்கில் அப்படி இல்லை. சாதாரண எஃப்சிங்க் டிஸ்க்கின் உள் மெமரியைக் காலி செய்யச் சொல்லாது; அதற்கு ஃபுல்எஃப்சிங்க் என்ற தனி வேண்டுகோள் இருக்கிறது. சர்வர்களுக்கென்று விற்கும் எஸ்எஸ்டிகள் பலவற்றில் சிறு கெபாசிட்டர்கள் இருக்கும். கரண்ட் போனாலும் உள் மெமரியில் இருப்பதை ஃபிளாஷில் இறக்கி முடிக்கும் அளவுக்கு அவற்றில் மின்சாரம் மிஞ்சியிருக்கும். விலை வித்தியாசத்தில் ஒரு பங்கு அதற்காகத்தான்.

இன்னொரு பொறி: புதிதாக ஒரு ஃபைலை உருவாக்கி அதற்கு மட்டும் எஃப்சிங்க் செய்தால் போதாது. ஃபைலின் பெயர் இருப்பது டைரக்டரியில். டைரக்டரிக்கும் எஃப்சிங்க் செய்யாவிட்டால் உள்ளடக்கம் டிஸ்க்கில் இருக்கும், பெயர் இருக்காது. வீடு இருக்கிறது, விலாசம் இல்லை.

ஆகவே புரோகிராம், கெர்னல், டிஸ்க்கின் உள் மெமரி, கடைசியில் ஃபிளாஷ் அல்லது தட்டு என்று நான்கு நிலைகள். ஒவ்வொரு நிலையும் ‘ஆயிற்று’ என்கிறது. கடைசி நிலை சொல்லும் ‘ஆயிற்று’க்கு மட்டுமே மதிப்பு. இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும்.

படி 2: நேராகப் போய் மாற்றினால் என்ன?

நம் எஞ்சினின் முதல் வடிவம். கணக்குகள் எல்லாம் ஒரு ஃபைலில், பக்கம் பக்கமாக இருக்கின்றன. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் ஒரு பக்கம் 8 கேபி, மைஎஸ்கியூஎல்லின் ஸ்டோரேஜ் எஞ்சினான இன்னோடிபியில் 16 கேபி. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு 500 ரூபாய் மாற்ற வேண்டும். முதல் கணக்கு 12ஆம் பக்கத்தில், இரண்டாவது 907ஆம் பக்கத்தில். இரண்டையும் மாற்றி எழுதி எஃப்சிங்க் செய்கிறோம்.

பிளக்கைப் பிடுங்குங்கள். 12 டிஸ்க்குக்குப் போய்விட்டது, 907 போகவில்லை. 500 ரூபாய் காற்றில் கரைந்தது. கெர்னல் எந்தப் பக்கத்தை முதலில் அனுப்பும் என்பது நம் கையில் இல்லாததால் எதிர்மாறாகவும் நடக்கலாம், அப்போது 500 ரூபாய் ஆகாயத்திலிருந்து குதிக்கும். எது மோசம் என்பது நீங்கள் வங்கியா வாடிக்கையாளரா என்பதைப் பொறுத்தது. திரும்ப எழுந்த எஞ்சினுக்கோ எதுவும் தவறாகத் தெரியாது. இரண்டு பக்கமும் பார்வைக்கு நன்றாகவே இருக்கின்றன.

படி 3: முதலில் குறிப்பேடு, பிறகு பேரேடு

கணக்கு எழுதுபவர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். நடந்தது நடந்த வரிசையில் முதலில் குறிப்பேட்டில் ஏறும். அதிலிருந்து, நேரம் கிடைக்கும்போது, அவரவர் கணக்குக்கான பேரேட்டுப் பக்கத்துக்குப் போகும். பேரேடு பாதியில் நின்றால் குறிப்பேட்டைப் பார்த்து முடித்துக்கொள்ளலாம். பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது முதல் சில பாடங்களில் வந்துபோகும் சங்கதி.

டேட்டாபேஸில் அந்தக் குறிப்பேட்டுக்குப் பெயர் ரைட் அஹெட் லாக், அதாவது முன்கூட்டியே எழுதும் லாக். போஸ்ட்கிரெஸ்காரர்கள் அதைச் சுருக்கி ‘வால்’ என்பார்கள். தமிழில் கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் பொருத்தமான பெயர்தான்: புதிதாக வரும் எல்லாமே வாலில்தான் ஒட்டிக்கொள்கின்றன. போஸ்ட்கிரெஸுக்கு இந்த வால் முளைத்தது 2001இல், 7.1 பதிப்பில்.

விதிகள் இரண்டே இரண்டு. ஒன்று, மாறிய பக்கம் டிஸ்க்குக்குப் போகும் முன், அந்த மாற்றத்தைச் சொல்லும் லாக் பதிவு டிஸ்க்கில் இருக்க வேண்டும். இரண்டு, வாடிக்கையாளரிடம் ‘கமிட் ஆயிற்று’ என்று சொல்லும் முன், கமிட் பதிவு வரைக்கும் லாக் டிஸ்க்கில் இருக்க வேண்டும். பக்கங்கள் போயிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இரண்டு விதியிலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். 12ஆம் பக்கமும் 907ஆம் பக்கமும் மெமரியில் மாறிய நிலையில் இருக்கட்டும், பத்து நிமிடம் கழித்துப் போனாலும் பரவாயில்லை. டிஸ்க்கில் அங்குமிங்கும் பல இடங்களில் எழுதுவதற்குப் பதில், ஒரே ஃபைலின் வாலில் தொடர்ச்சியாக ஒரு முறை எழுதி, ஒரு எஃப்சிங்க். பத்திரமும் கூடுகிறது, வேகமும் கூடுகிறது. இந்தத் துறையில் இப்படி இரண்டும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம்.

ஒவ்வொரு லாக் பதிவிலும் என்ன இருக்கும்? போஸ்ட்கிரெஸில் பதிவின் நீளம், எந்த டிரான்ஸாக்‌ஷன் (சேர்ந்தே கமிட் ஆக வேண்டிய மாற்றங்களின் தொகுப்பு), முந்தைய பதிவு எங்கே இருக்கிறது, என்ன மாதிரியான மாற்றம், எந்தப் பக்கம், மாற்றத்தின் விவரம், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு செக்சம், அதாவது பைட்டுகள் முழுதாக இருக்கின்றனவா என்று சரிபார்க்கும் எண். லாக்கில் பதிவு இருக்கும் இடமே அதன் வரிசை எண். இதை எல்எஸ்என் என்பார்கள். மேலே போய்க்கொண்டே இருக்கும், குறையவே குறையாது. மெமரியில் ஒரு பக்கத்தை மாற்றும்போது, அந்த மாற்றத்தின் எல்எஸ்என்னைப் பக்கத்தின் தலையிலும் குறித்துவைப்பார்கள். இந்தச் சின்னக் குறிப்பு இல்லாவிட்டால் பின்னால் வரும் மீட்பு வேலை நடக்கவே நடக்காது. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பிளக்கைப் பிடுங்குங்கள், லாக்கை எழுதிக்கொண்டிருக்கும்போதே. கடைசிப் பதிவு பாதிதான் போயிருக்கும். செக்சம் எதற்கு என்பது இப்போது புரியும். எழுந்ததும் லாக்கைப் படித்துக்கொண்டே போகிறோம், செக்சம் பொருந்தாத முதல் பதிவில் நின்றுவிடுகிறோம். அதுதான் வாலின் நுனி. பாதியில் நின்ற பதிவுக்கு எஃப்சிங்க் முடிந்திருக்காது, ஆகவே யாரிடமும் ‘ஆயிற்று’ என்று சொல்லியிருக்க மாட்டோம். வாக்கு கொடுக்காததை இழப்பதில் தவறில்லை.

இதில் ஒரு நுணுக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். போஸ்ட்கிரெஸ் தன் லாக்கை வழக்கமாக 16 எம்பி ஃபைல்களாக வைத்திருக்கிறது. பழைய ஃபைல்கள் தேவை முடிந்ததும் பல நேரம் அழிக்காமல் பெயர் மாற்றி மறுபடி பயன்படுத்திக்கொள்ளும். அப்படியானால் வாலின் நுனிக்கு அப்பால் பழைய பதிவுகள் இருக்குமே? அவற்றின் செக்சமும் சரியாகத்தானே இருக்கும்? அதனால்தான் பதிவுக்குள் ‘எனக்கு முந்தையவர் இங்கே இருக்கிறார்’ என்ற சுட்டியும், லாக்கின் ஒவ்வொரு பக்கத் தலையிலும் அதன் முகவரியும். பழைய பதிவு காட்டும் முகவரி புதிய இடத்தோடு ஒத்துப்போகாது. ஆள் உண்மைதான், ஆனால் இந்த ஊர்க்காரர் இல்லை என்று தெரிந்துவிடும்.

படி 4: எஃப்சிங்கின் விலை

நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 120 சுற்று. லாக்கின் வாலில் எழுதி முடித்து, அடுத்ததை எழுத அதே இடம் டிஸ்க்கின் எழுதும் தலைக்குக் கீழே வர ஏறத்தாழ ஒரு சுற்று ஆகும், அதாவது 8.3 மில்லிநொடி. ஒருவரே வரிசையாக கமிட் செய்துகொண்டிருந்தால் நொடிக்கு 120ஐத் தாண்டுவது கடினம்.

இந்தக் கணக்குக்கு வேறொரு பயனும் உண்டு. போஸ்ட்கிரெஸோடு எஃப்சிங்க் வேகத்தை அளக்கும் ஒரு சின்னக் கருவி வரும். அதைச் சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் ஓட்டும்போது நொடிக்குப் பல ஆயிரம் என்று காட்டினால் மகிழ வேண்டாம். நடுவில் யாரோ பொய் சொல்கிறார்கள். பல டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும், பேட்டரி வைத்த ரெய்டு கார்டு இருந்தால் அது நியாயமான பொய். அது இல்லையென்றால் நியாயமில்லாத பொய்.

நூறு பேர் ஒரே நேரத்தில் கமிட் செய்தால் நூறு எஃப்சிங்க் தேவையா? இல்லை. ஒரு எஃப்சிங்க் ஓடிக்கொண்டிருக்கும்போது வந்து சேர்ந்தவர்கள் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். அடுத்த எஃப்சிங்க் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒன்றே. ஷேர் ஆட்டோ மாதிரி. இதற்கு குரூப் கமிட் என்று பெயர். கூட்டம் கூடக் கூட ஆளுக்கு ஆகும் செலவு குறையும்.

படி 5: முடியாத டிரான்ஸாக்‌ஷனின் பக்கம் டிஸ்க்குக்குப் போய்விட்டால்?

மெமரி நிரம்பினால் எஞ்சின் சில பக்கங்களை வெளியே தள்ளித்தான் ஆக வேண்டும். அவற்றில் இன்னும் கமிட் ஆகாத மாற்றங்கள் இருக்கலாம். விதி ஒன்றின்படி லாக் முன்பே போயிருப்பதால் இது ஆபத்தில்லை, ஆனால் கிராஷுக்குப் பின் அந்த மாற்றத்தைத் திரும்ப எடுக்க வழி வேண்டும்.

இன்னோடிபி இதற்கு அன்டூ லாக் என்ற தனிப் பதிவு வைத்திருக்கிறது: பழைய மதிப்பு என்ன என்பது அதில் இருக்கும். அந்த அன்டூவையும் காப்பது ரீடூ லாக்தான் (படி 3இல் பார்த்த லாக்குக்கு இன்னோடிபி வைத்த பெயர்). போஸ்ட்கிரெஸ் வேறு வழியில் போகிறது. ஒரு வரிசையை (ரோ) மாற்றும்போது பழையதன் மேல் எழுதுவதில்லை, புதிய நகலைப் பக்கத்தில் வைக்கிறது. எந்த டிரான்ஸாக்‌ஷன் கமிட் ஆனது, எது ஆகவில்லை என்று தனியாக ஒரு பட்டியல், டிரான்ஸாக்‌ஷனுக்கு 2 பிட். கிராஷில் செத்த டிரான்ஸாக்‌ஷன் அந்தப் பட்டியலில் கமிட் ஆனதாக இருக்காது, அதன் நகல்கள் யார் கண்ணுக்கும் தெரியாது. திரும்ப எடுக்கும் வேலையே இல்லை. பதிலுக்குக் குப்பை சேரும், அதைக் கூட்ட வேக்யூம் ஓட வேண்டும். ஓசியில் எதுவும் கிடைக்காது.

படி 6: கிழிந்த பக்கம்

லாக் இருக்கிறது, செக்சம் இருக்கிறது, போதும் என்று தோன்றும் இடத்தில்தான் பலருடைய சொந்த எஞ்சின்கள் சறுக்குகின்றன. எஞ்சினுக்குப் பக்கம் என்பது 8 கேபி. டிஸ்க் ஒரே மூச்சில் எழுதுவதாக உறுதி தருவது 4 கேபி அல்லது 512 பைட். பக்கத்தை எழுதும்போது பிளக்கைப் பிடுங்கினால், முன்பாதி புதியது, பின்பாதி பழையது.

லாக்கை வைத்துச் சரிசெய்துவிடலாமே என்றால் முடியாது. லாக் பதிவு பெரும்பாலும் ‘இந்தப் பக்கத்தில் 7ஆம் இடத்தில் இந்த வரிசையைச் சேர்’ என்ற அளவில்தான் பேசும். பக்கம் முழுதாக இருக்கிறது என்று நம்பியே அது எழுதப்பட்டது. சட்டையில் பொத்தான் மாற்றச் சொல்லும் சீட்டைக் கிழிந்த சட்டையோடு கொடுத்தால் தையற்காரர் என்ன செய்வார்?

போஸ்ட்கிரெஸின் விடை முரட்டுத்தனமானது. செக்பாயின்ட் (மாறிய பக்கங்களை அவ்வப்போது டிஸ்க்கில் இறக்கும் வேலை, படி 7இல் வரும்) ஒன்று தொடங்கியபின் ஒரு பக்கம் முதல் முறை மாறும்போது, மாற்றத்தோடு அந்தப் பக்கம் முழுவதையும் லாக்கில் போட்டுவிடும். மீட்பின்போது டிஸ்க்கில் இருக்கும் கந்தலைப் பார்க்கவே வேண்டாம், லாக்கில் இருக்கும் முழுப் பக்கத்தை அதன் மேல் வைத்துவிட்டு அங்கிருந்து தொடரலாம். செக்பாயின்டுக்குப் பிறகு லாக் திடீரென்று வீங்குவதைப் பார்த்துப் பயந்தவர்கள் உண்டு, காரணம் இதுதான். ஃபுல் பேஜ் ரைட்ஸ் என்ற இந்த அமைப்பை வேகத்துக்காக அணைக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள், அடியில் இசட்எஃப்எஸ் போல் பழைய இடத்தின் மேல் எழுதாத ஃபைல் சிஸ்டம் இருந்தாலொழிய.

இன்னோடிபியின் விடை டபுள்ரைட். பக்கங்களை முதலில் ஓரிடத்தில் தொடர்ச்சியாக எழுதி எஃப்சிங்க், பிறகுதான் அவற்றின் சொந்த இடத்தில். சொந்த இடத்தில் கிழிந்தால் முதல் நகல் நன்றாக இருக்கும். முதல் நகலே கிழிந்தால் சொந்த இடம் இன்னும் தொடப்படாமல் பழைய முழுப் பக்கமாக இருக்கும்.

நம் ஃபோன்களில் எல்லாம் இருக்கும் சின்ன டேட்டாபேஸான எஸ்கியூலைட்டின் பழைய முறையோ லாக்கைத் தலைகீழாக்கியது. மாற்றப்போகும் பக்கத்தின் பழைய உருவை ஒரு தனி ஜர்னல் ஃபைலில் பத்திரப்படுத்திவிட்டு, பிறகு டேட்டாபேஸிலேயே நேராக எழுதும். ஜர்னலை அழிக்கும் நொடிதான் கமிட். எழும்போது ஜர்னல் மிச்சமிருந்தால், வேலை முடியவில்லை என்று பொருள். பழையதை எடுத்துத் திரும்ப ஒட்டிவிடும். 2010இல் வந்த 3.7.0 பதிப்பிலிருந்து அதுவும் முன்கூட்டியே எழுதும் லாக்கை ஒரு தெரிவாகத் தருகிறது.

படி 7: செக்பாயின்ட்

லாக் முடிவில்லாமல் வளர்ந்தால் டிஸ்க் நிரம்பும், எழும்போது ஒரு யுகம் படிக்க வேண்டியிருக்கும். ஆகவே அவ்வப்போது, மெமரியில் மாறியிருக்கும் பக்கங்களை எல்லாம் டிஸ்க்கில் எழுதி, எஃப்சிங்க் செய்து, ‘இந்த இடத்துக்கு முந்தைய லாக் இனி தேவையில்லை’ என்று குறித்துவைக்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் மாற்றம் எதுவும் செய்யாவிட்டால் 5 நிமிடத்துக்கு ஒரு முறை, அல்லது லாக் 1 ஜிபியை நெருங்கும்போது. இது நடக்கும்போது மற்றவர்கள் வேலை நிற்பதில்லை. அதனால் மீட்பு தொடங்கும் இடம் செக்பாயின்ட் முடிந்த இடம் இல்லை, தொடங்கிய இடம்.

அந்தக் குறிப்பு இருக்கும் ஃபைலின் உள்ளடக்கத்தை வேண்டுமென்றே 512 பைட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். ஒரு செக்டர் கிழியாது என்ற நம்பிக்கை.

செக்பாயின்டை அடிக்கடி வைத்தால் மீட்பு சீக்கிரம் முடியும், ஆனால் முழுப் பக்க நகல்களால் லாக் கனக்கும். அரிதாக வைத்தால் நேர்மாறு. எழுந்து நிற்க ஐந்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை என்பவர்கள் இடைவெளியைத் தாராளமாகக் கூட்டலாம்.

படி 8: எழுந்து நிற்பது

இந்தப் பகுதிக்கு இலக்கணம் வகுத்த ஆய்வுக் கட்டுரை 1992இல் வந்தது. ஏரீஸ் என்று பெயர். கலிஃபோர்னியாவில் ஐபிஎம்மின் ஆல்மடன் ஆய்வகத்தில் அதை எழுதிய குழுவின் முதல் பெயர் சி. மோகன். சென்னை ஐஐடியில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். இன்று நாம் பயன்படுத்தும் பல டேட்டாபேஸ்களின் மீட்பு முறையில் அந்தக் கட்டுரையின் சாயல் இருக்கிறது.

ஏரீஸில் மூன்று கட்டம். முதலில் செக்பாயின்டிலிருந்து லாக்கைப் படித்து, கிராஷின்போது எந்த டிரான்ஸாக்‌ஷன்கள் நடந்துகொண்டிருந்தன, எந்தப் பக்கங்கள் டிஸ்க்குக்குப் போகாமல் இருந்திருக்கலாம் என்று கணக்கெடுப்பது. இரண்டாவது, நடந்ததை எல்லாம் அப்படியே மறுபடி நடத்துவது, தோற்கப்போகும் டிரான்ஸாக்‌ஷன்களின் மாற்றங்களையும் சேர்த்து. மூன்றாவது, தோற்றவற்றைப் பின்னிருந்து முன்னாகத் திரும்ப எடுப்பது.

தோற்கப்போவதை எதற்கு மறுபடி செய்ய வேண்டும்? எனக்கும் முதலில் இது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. காரணம் இதுதான்: கிராஷ் நடந்த நொடியில் டேட்டாபேஸ் எப்படி இருந்ததோ அதே நிலைக்கு முதலில் கொண்டுவந்துவிட்டால், அதன் பிறகு திரும்ப எடுப்பது எந்த நாளும் நடக்கும் சாதாரண ரோல்பேக் ஆகிவிடும். தனிச் சட்டம் தேவையில்லை.

மறுபடி நடத்தும்போது ஒரே மாற்றத்தை இரண்டு முறை செய்துவிட்டால்? பக்கத்தின் தலையில் குறித்துவைத்த எல்எஸ்என் இங்கே கைகொடுக்கிறது. பக்கத்தின் எண் லாக் பதிவின் எண்ணுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால், அந்த மாற்றம் ஏற்கெனவே அதில் இருக்கிறது, தாண்டிப் போகலாம். குறைவாக இருந்தால் மட்டும் செய்ய வேண்டும். ஆகவே மீட்பு நடந்துகொண்டிருக்கும்போதே மறுபடி கரண்ட் போனாலும் கவலையில்லை, மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். திரும்ப எடுக்கும் ஒவ்வொரு செயலுக்கும்கூட லாக்கில் ஒரு ஈடுகட்டும் பதிவு போடுவதால், எடுத்ததையே மறுபடி எடுக்கும் குழப்பமும் வராது.

போஸ்ட்கிரெஸில் மூன்றாம் கட்டம் கிடையாது, காரணம் படி 5இல். எழும்போது அது, முறையாக மூடப்படவில்லை, மீட்பு நடக்கிறது என்று ஒரு வரி எழுதும். பிறகு மறுநடத்தல் தொடங்கிய இடம், முடிந்த இடம். முடிந்த இடத்துக்கு அடுத்ததாக ஒரு பதிவின் நீளம் சரியில்லை என்பது போல் ஒரு வரி வந்தால் பதறாதீர்கள், வாலின் நுனியைக் கண்டுவிட்டேன் என்று சொல்கிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியது டீ குடிக்கப் போவது. பொறுமையிழந்து லாக் ஃபைல்களை அழிப்பதோ, லாக்கை ரீசெட் செய்யும் கருவியை ஓட்டுவதோ, இருக்கும் ஒரே கயிற்றையும் அறுப்பதற்குச் சமம். 10ஆம் பதிப்புக்கு முன் அந்த டைரக்டரியின் பெயரில் ‘லாக்’ என்ற சொல் இருந்தது. வெறும் பதிவுக் குப்பை என்று நினைத்து இடம் காலி செய்ய அதை அழித்தவர்களால்தான் பெயரையே மாற்றினார்கள்.

படி 9: எஃப்சிங்க் தோற்றால்?

2018இல் போஸ்ட்கிரெஸ் வட்டாரத்தைத் தூக்கிவாரிப் போட்ட விஷயம் இது. எஃப்சிங்க் பிழை என்று திரும்பினால் என்ன செய்வீர்கள்? மறுபடி முயல்வோம் என்பதுதான் இயல்பான விடை, போஸ்ட்கிரெஸும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தது. ஆனால் லினக்ஸில், எழுத முடியாமல் போன பக்கத்தைக் கெர்னல் ‘சுத்தம்’ என்று குறித்துவிடும். இரண்டாம் முறை எஃப்சிங்க் கேட்டால் எழுத எதுவும் இல்லை, ஆகவே வெற்றி. எஞ்சின் அதை நம்பி செக்பாயின்டை முடித்து லாக்கை விட்டுவிடும். தரவு எங்குமே இருக்காது.

2019 பிப்ரவரியில் வந்த திருத்தங்களில் விடை மாறியது: எஃப்சிங்க் ஒரு முறை தோற்றாலே டேட்டாபேஸ் தன்னைத்தானே விழவைத்துக்கொள்ளும். எழுந்து லாக்கிலிருந்து அந்த மாற்றங்களை மறுபடி எழுதும். நம்ப முடியாத நிலையில் நின்றுகொண்டிருப்பதைவிட விழுந்து எழுவது மேல் என்ற முடிவு. சொந்தமாக ஃபைலில் எழுதும் புரோகிராம் வைத்திருப்பவர்கள் இந்தப் படியை இன்னொரு முறை படிக்கவும்.

படி 10: வேறு பாதைகள்

லெவல்டிபி, ராக்ஸ்டிபி வகை ஸ்டோரேஜ் எஞ்சின்கள் பக்கங்களை மாற்றுவதே இல்லை. புதியவை லாக்கிலும் மெமரியிலும் சேரும், மெமரி நிரம்பியதும் வரிசைப்படுத்திய புதிய ஃபைலாக வெளியே வரும், பிறகு அந்த ஃபைல் மாறாது. ஆகவே கிழிந்த பக்கம் என்ற தொல்லை குறைவு. ஆனால் இரண்டிலுமே, நீங்களாகக் கேட்காதவரை ஒவ்வொரு முறை எழுதும்போதும் லாக்கை எஃப்சிங்க் செய்ய மாட்டார்கள். தெரியாமல் பயன்படுத்துவோர் அதிகம்.

எல்எம்டிபி என்ற எஞ்சின் லாக்கே வைத்துக்கொள்வதில்லை. மாறும் பக்கத்தைப் புதிய இடத்தில் எழுதும், அதைச் சுட்டும் பக்கத்தையும் புதிய இடத்தில், இப்படியே பக்கங்களின் மரத்தில் மேலே வேர் வரை. கடைசியில் ‘வேர் இங்கே இருக்கிறது’ என்று சொல்லும் தலைப்பக்கம். அது இரண்டு உண்டு, மாறி மாறி எழுதும். எழும்போது இரண்டில் புதியதை எடுத்துக்கொள்ளும். மீட்பு நேரம் பூஜ்யம். அழகான வேலை.

படி 11: உங்கள் சர்வரைச் சோதிப்பது

அமைப்புகளைப் பார்க்கும்போது ஒரு வேறுபாட்டை மனதில் வையுங்கள். கடைசிச் சில கமிட்களை இழப்பது ஒன்று, டேட்டாபேஸே சிதைவது வேறொன்று. போஸ்ட்கிரெஸில் சிங்க்ரனஸ் கமிட்டை அணைத்தால் முதலாவது: நொடிக்கும் குறைவான நேரத்தின் கமிட்கள் போகலாம், மிச்சம் ஒழுங்காக இருக்கும். எஃப்சிங்கையே அணைத்தால் இரண்டாவது. எஸ்கியூலைட்டின் லாக் முறையில் சிங்க்ரனஸை நார்மலில் வைத்தால், கரண்ட் போகும்போது கடைசிக் கமிட்கள் போகலாம், சிதையாது. லைக் எண்ணிக்கைக்கு முதலாவது பரவாயில்லை. பணத்துக்குக் கூடாது.

புரோகிராமை வலுக்கட்டாயமாகக் கொன்று பார்த்து ‘பாஸ்’ என்று சொல்லாதீர்கள். கெர்னல் உயிரோடு இருப்பதால் பேஜ் கேஷ் அப்படியே இருக்கும், எஃப்சிங்க் ஒன்றுகூட இல்லாத எஞ்சினும் அதில் தேறிவிடும். சரியான சோதனை இப்படி: இன்னொரு கணினியிலிருந்து 1, 2, 3 என்று எண்களை ஒவ்வொன்றாகச் செருகி கமிட் செய்யுங்கள். கமிட் ஆயிற்று என்று பதில் வந்த எண்ணை அந்தக் கணினியிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது சர்வரின் பிளக்கை நிஜமாகவே பிடுங்குங்கள் (உண்மையான தரவு இல்லாத சர்வரில்!). எழுந்தபின், குறித்துவைத்த கடைசி எண் டேட்டாபேஸில் இருக்கிறதா பாருங்கள். குறித்ததைவிட ஒன்று கூடுதலாக இருக்கலாம், பதில் வந்துசேரும் முன் கரண்ட் போயிருக்கும். குறைவாக மட்டும் இருக்கக் கூடாது. ஒரு முறை போதாது, இருபது முப்பது முறையாவது. மெய்நிகர் இயந்திரத்தில் என்றால் டிஸ்க் கேஷ் எந்த முறையில் இருக்கிறது என்றும் பாருங்கள். கியூஇஎம்யு என்ற மெய்நிகர் இயந்திர மென்பொருளில் ‘அன்சேஃப்’ என்ற முறை எஃப்சிங்கைக் காதிலேயே வாங்காது. பெயரிலேயே சொல்லிவிடுகிறார்கள், இருந்தும் போடுகிறோம்.

இனி அந்த பில். இன்னோடிபியில், கமிட்டின்போது லாக்கை என்ன செய்வது என்று ஒரு அமைப்பு உண்டு. 1 என்றால் ஒவ்வொரு கமிட்டுக்கும் எஃப்சிங்க். 2 என்றால் கமிட்டின்போது கெர்னலிடம் ஒப்படைப்பதோடு சரி, எஃப்சிங்க் நொடிக்கு ஒரு முறை ஏறத்தாழ. 0 என்றால் கெர்னலிடம் கொடுப்பதுகூட நொடிக்கு ஒரு முறைதான். அந்தச் சர்வரில் இருந்தது 2. எங்கோ படித்த வேகக் குறிப்பை நம்பி மாற்றி வைத்தது நானேதான். அந்த ஒரு நொடி இடைவெளியில் பில் கமிட் ஆகி, ‘ஆயிற்று’ என்ற பதில் கவுன்டருக்குப் போய், சர்வர் செத்து, இன்வெர்ட்டரில் இருந்த பிரின்டர் தாளைத் துப்பியிருக்கிறது. லாக்கின் அந்தத் துண்டு டிஸ்க்குக்குப் போகாததால், டேட்டாபேஸில் பில் எண்ணைக் கொடுக்கும் எண்ணியும் ஒன்று பின்னால் போய், அடுத்த வாடிக்கையாளருக்கு அதே எண்ணைக் கொடுத்துவிட்டது.

2ஐ 1 ஆக்கினேன். பில் போடுபவர்கள் யாருக்கும் வேக வித்தியாசமே தெரியவில்லை. நாளைக்குச் சில நூறு பில் போடும் கடையில் நான் எதை மிச்சப்படுத்தினேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. தொலைந்த பில்லைத் தாளைப் பார்த்துக் கையால் புதிய எண்ணில் ஏற்றினோம், பழைய தாளின் ஓரத்தில் கணக்குப் பார்ப்பவர் பேனாவால் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். யூபிஎஸ்ஸுக்கு அன்றே புதிய பேட்டரி வந்தது.